லோயிஸ் அண்ணிக்கு ஒரு கறுப்பு பீர்

என் அண்ணன் டெர்ரி கப்பலேறிய அன்று காலையில் லோயிஸ் அண்ணி குழந்தைத் துணிகளைத் துவைத்துக் கொல்லைக் கொடியில் காயப்போட்டாள். மீன்பிடித் துறைமுகமான ஹல் நகரத்து ஹெஸில் ரோட்டில் பிறந்த எந்தப் பெண்ணும் அந்தக் காரியத்தைச் செய்யமாட்டாள். ஆண்பிள்ளை மீன்பிடிக்கப் போகிற நாளில் வீட்டில் துணி துவைத்தால் அவனையும் சேர்த்து அலசிவிட்டதாக எங்கள் தெருவில் அர்த்தம். அண்ணி டிரிஃபீல்டு பக்கத்துப் பண்ணைக் குடும்பத்துப் பெண். அவளுக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும்? பிறந்து மூன்று வாரம்கூட ஆகாத ஜூடித், விடிவதற்குள் எத்தனை துணியை நனைத்து வைப்பாள் என்பதுதான் அவளுக்குத் தெரியும்.

என் அப்பா வில்ஃப் கொல்லைக் கதவைத் திறந்தார். வெள்ளைத் துணிகள் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தன. அவர் எல்லாவற்றையும் ஈரத்தோடு உருவிக் கூடையில் போட்டு, சமையலறை மேசைமேல் கொண்டுவந்து வைத்தார். அண்ணி கூடையைத் தூக்கிக்கொண்டு போய் ஒவ்வொன்றாக மறுபடி கொடியில் மாட்டினாள். டெர்ரியின் தங்கையான நான் தேநீர்க் கோப்பையோடு நடுவில் நின்றேன். மீனைப் புகைபோடும் கூடத்தில் எனக்கு வேலை; அன்றைக்கு வேலைக்குக் கிளம்பியது எனக்குப் பெரிய விடுதலையாக இருந்தது.

அவர்கள் இருவருக்கும் ஆரம்பத்திலிருந்தே ஒத்துப்போகவில்லை. அண்ணியின் வீட்டார் மெதடிஸ்ட் சபைக்காரர்கள், மதுவை வாசல்படி ஏற்றாதவர்கள். கல்யாண விருந்தில் தேநீரும் ஹாம் சாண்ட்விச்சும்தான். மோதிரம் மாற்றியதற்கும் கேக் வெட்டியதற்கும் நடுவில் அப்பா எதிர்ப்பக்கத்து மதுக்கடைக்குப் போய், கேக் வெட்டும் நேரத்துக்குப் பாடிக்கொண்டே திரும்பிவந்தார். அதற்குப் பிறகு அண்ணி அவரை மாமா என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டாள். ஆனால் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அன்னியரிடம் பேசுகிற மரியாதை அது. அப்பா அவளைப் பெயர் சொல்லியே கூப்பிட்டதில்லை. எப்போதும் 'அந்தப் பொண்ணு'தான்.

அம்மா இறந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. அப்பாவும் ஒரு காலத்தில் கடலுக்குப் போனவர்தான். வடக்கே பனிக்கடலில் கரடித்தீவுப் பக்கம் வலை இழுக்கும் கம்பியில் இடது கை மாட்டி இரண்டு விரல் போன பிறகு துறைமுகக் கேட்டில் காவல் வேலை கொடுத்தார்கள். அந்த வேலை போக மீதி நேரமெல்லாம் அவர் கொல்லையில் இருந்த சலவை அறையில் பீர் காய்ச்சினார். துணி வேகவைப்பதற்கென்று சுவரோடு கட்டிய செம்புக் கொப்பரை எங்கள் வீட்டில் துணியைக் கண்டு பல காலம் ஆகியிருந்தது. குழந்தைத் துணி வேகவைக்க அண்ணி அதைக் கேட்டபோது, அது பீருக்கு மட்டும் என்று சொல்லிவிட்டார். அவர் பீர் தெருவில் பிரசித்தம். ஒரு கோப்பைக்கு மேல் குடித்தவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போவார்கள். அதில் அவருக்குப் பெருமை.

ஜூடித்துக்கு எடை ஏறவில்லை. நர்ஸ் ஸ்டேதர்ஸ் சைக்கிளில் வந்து கொக்கித் தராசில் குழந்தையைத் துணித்தொட்டிலோடு தொங்கவிட்டுப் பார்ப்பார். முகத்தில் ஒன்றும் காட்டமாட்டார். அடிக்கடி பால் கொடு, நீ நன்றாகச் சாப்பிடு, தூங்கு என்று அண்ணியிடம் சொல்லிவிட்டுப் போவார். அண்ணி முதலாவதைச் செய்தாள். மற்ற இரண்டும் அவளால் முடியவில்லை. தட்டில் வைத்தது அப்படியே இருக்கும். குழந்தை தூங்கினால் இவள் விழித்துக்கொண்டு, அது மூச்சு விடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

எங்கள் தெருவில் இதற்கு ஒரே வைத்தியம்தான். பக்கத்து வீட்டு ஈனா கோல்சன் ஒரு பாட்டில் ஸ்டவுட் கொண்டுவந்து வைத்தார். பால் ஊறவேண்டுமென்றால் அந்தக் கறுப்பு பீரில் தினம் ஒரு கிளாஸ். அவர் அம்மா குடித்தார், அவர் குடித்தார், தெருவில் குடிக்காத தாய் கிடையாது. ஈனாவின் கணவரும் டெர்ரியின் கப்பலில்தான் போயிருந்தார். அதனால் எங்கள் வீட்டை அவர் தன் வீட்டுப் பாதியாக நினைத்தார். அண்ணி நன்றி சொல்லி வாங்கி அலமாரிமேல் வைத்தாள். பாட்டில் அங்கேயே இருந்தது. நான் தூசி துடைக்கும்போது அதையும் சேர்த்துத் துடைத்தேன்.

ஒரு நாள் சாயங்காலம் அப்பா மாடிப்படியில் கால் வைத்தவர் அப்படியே நின்றார். மேலே அண்ணி பால் கொடுத்துக்கொண்டே அழுவது கேட்டது. குழந்தையும் அழுதது. அப்பா திரும்பிக் கொல்லைக்குப் போய், கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்தார். சாப்பிடக் கூப்பிடப் போனேன்.

"அந்தப் பொண்ணு ஏன் அதைத் தொட மாட்டேங்குது?" என்றார்.

சின்ன வயதிலேயே சபையில் எல்லாருக்கும் முன்னால் நின்று, சாராயம், பீர், ஒயின் எதையும் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறாள் என்று சொன்னேன். அவர் கேலி பண்ணுவார் என்று எதிர்பார்த்தேன். பண்ணவில்லை. சத்தியம் என்றால் சத்தியம்தான் என்று சொல்லிவிட்டு, விரல் இல்லாத இடத்தைத் தேய்த்துக்கொண்டார்.

மறுமுறை நர்ஸ் வந்தபோது அப்பா அவரை வாசலில் மடக்கினார். தாய் குடித்தால் குழந்தைக்கு எவ்வளவு போகும் என்று கேட்டார். தாயின் இரத்தத்தில் எவ்வளவோ அதே அளவு பாலிலும் இருக்கும், இரத்தத்தில் இறங்கினால் பாலிலும் இறங்கிவிடும், ஒன்றுமே இல்லாமல் இருப்பது எல்லாவற்றையும்விட நல்லது என்றார் நர்ஸ். ரொம்ப லேசானதாக இருந்தால், பால் கொடுத்து முடித்தவுடன் அரை கிளாஸ் என்றால், தான் சண்டைக்கு வரமாட்டேன் என்றும் சொன்னார். சைக்கிளில் ஏறப்போனவர் திரும்பினார்.

"ஒண்ணு நல்லா புரிஞ்சுக்கோ வில்ஃப். பீர் குடிச்சா பால் ஊறாது. இந்தத் தெரு முழுக்க என்ன சொன்னாலும் சரி. அவளுக்கு வேண்டியது பசியும் தூக்கமும். அதை உன் பீர் கொண்டுவரும்னா, கொண்டுவரட்டும்."

அண்ணியின் அம்மா ஊரிலிருந்து ஒரு பெட்டி இஞ்சி பீர் அனுப்பியிருந்தார். சபைப் பெண்கள் வாளியில் இஞ்சியும் சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டுச் செய்வது. குழந்தைகள் முதல் போதகர் வரை குடிப்பது. பீர் என்று பெயரே தவிர அதை யாரும் மதுவில் சேர்த்ததில்லை. அண்ணி மத்தியானச் சாப்பாட்டோடு அதைத்தான் குடிப்பாள். அப்பா அவளிடம் கேட்டு அதில் ஒரு பாட்டிலை வாங்கிக்கொண்டார். எதற்கு என்று சொல்லவில்லை.

பால்காரர்கள் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று விட்டுப் பார்ப்பார்களே, அதே மாதிரி ஒரு கண்ணாடி மிதவை அப்பாவிடம் இருந்தது. சமையலறை மேசையில் அண்ணியையும் என்னையும் உட்காரவைத்து, இஞ்சி பீரைச் சிலுப்பிச் சிலுப்பி நுரை போக்கி, அளந்து, மிதவையை விட்டுப் பார்த்தார். பிறகு அதை அடுப்பில் வைத்துப் பாதியாகக் காய்ச்சினார். ஆறவிட்டு, குறைந்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றிப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து மறுபடி மிதவையை விட்டார். காய்ச்சும்போது ஆல்கஹால் முழுவதும் ஆவியாகிப் போயிருக்கும், இரண்டு தடவைக்கும் உள்ள வித்தியாசம்தான் அதன் அளவு என்று அண்ணிக்கு விளக்கினார். அண்ணி பண்ணைக்காரப் பெண். பால், தராசு, அளவு எல்லாம் அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. குனிந்து மிதவையில் இருந்த அளவுக் கோட்டைப் பார்த்தாள்.

"நூத்துக்கு ரெண்டு," என்றார் அப்பா.

"இருக்காது மாமா."

"நீயே பாரு."

அண்ணி இன்னொரு பாட்டிலைத் திறந்து, தானே முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்தாள். இரண்டுக்கும் கொஞ்சம் மேலேயே வந்தது. நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்த்தாள். அவள் அழப்போகிறாள் என்று பயந்தேன்.

"எங்க போதகர் இதை ரெண்டு கிளாஸ் குடிச்சிட்டுத்தான் குடிக்கக்கூடாதுன்னு பிரசங்கம் பண்ணுவாரு," என்றாள். சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். மடியில் இருந்த ஜூடித் மேலும் கீழும் குலுங்கினாள். அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அப்பாவுக்கும் சிரிப்பு வந்தது. மிதவையைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டார்.

"நான் இதுல பாதிகூட இல்லாம ஒண்ணு போட்டுத் தரேன்," என்றார். "நீயே அளந்து பாரு. உன் மனசு ஒப்பினா குடி. இல்லேன்னா சாக்கடையில ஊத்து. நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

அண்ணி யோசித்தாள். இஞ்சி பீரால் சத்தியம் உடையவில்லை என்றால் அதற்கும் கீழே இருப்பதால் உடையாது; உடைந்திருந்தால் அது அவள் சத்தியம் செய்த வாரத்திலேயே உடைந்துபோன சத்தியம். இதை அவள் பிற்பாடு என்னிடம் சொன்னாள். அப்போது சரி என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

பலமான பீர் போடுவது சுலபம், எந்தக் குறையும் போதையில் மறைந்துபோகும் என்று அப்பா அப்போதுதான் கண்டுபிடித்தார். வாழ்நாளெல்லாம் தூக்கலாகப் போட்ட கை. முதல் தடவை பயந்துகொண்டு தானியத்தைக் குறைத்ததில், கருகிய ரொட்டியைக் கழுவிய தண்ணீர் மாதிரி வந்தது. ஈனா ஒரு வாய் குடித்துவிட்டு, இதைக் கொண்டு அடுப்பை மெழுகலாம் என்றார். இரண்டாவது தடவை மணமும் நிறமும் அருமை. அண்ணி மிதவையை விட்டுப் பார்த்தாள்.

"மூணு, மாமா."

"மூணா?"

"மூணு."

கை தன்னையறியாமல் ஒரு படி கூடப் போட்டிருந்தது. அப்பா வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். சாக்கடையில் ஊற்றினார் என்று சொல்ல ஆசைதான். கேட்டில் அவரோடு வேலை பார்த்தவர்கள் அந்த வாரம் ரொம்பச் சந்தோஷமாக இருந்தார்கள்.

இதற்குள் அண்ணி குழந்தையோடு சலவை அறையில் வந்து உட்காரப் பழகியிருந்தாள். வீட்டிலேயே கதகதப்பான இடம் அதுதான். கொப்பரையின் அடியில் தீ எரியும். ஈரத் தானிய வாசனை, ஹாப்ஸ் பூவின் கசப்பு வாசனை. ஒரு நாள் அவள் மூட்டையிலிருந்து ஒரு பார்லி மணியை எடுத்துக் கடித்துப் பார்த்து, இது போன வருடத்துச் சரக்கு, ஈரம் பட்டிருக்கிறது, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றாள். அப்பா அசந்துபோய் நின்றார்.

"உனக்கெப்படித் தெரியும்?"

"எங்க வீட்டு நிலம் முழுக்க பார்லிதானே மாமா. நல்ல சரக்கெல்லாம் பீர் போடுறவங்களுக்குத்தான் போகும். எங்கப்பா பீரைத் தொடமாட்டாரு. பார்லியை வாங்குறவன் அதை என்ன பண்ணுவான்னும் கேக்கமாட்டாரு."

அப்பாவுக்கு அண்ணியின் குடும்பத்தைப் பற்றி அதுவரை யாரும் இவ்வளவு நல்ல செய்தி சொன்னதில்லை. அன்றிலிருந்து அவள் அவருக்கு 'லோயிஸ்' ஆனாள்.

மூன்றாவது தடவையை இருவரும் சேர்ந்தே போட்டார்கள் என்றுதான் சொல்லவேண்டும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்றுதான் ஆல்கஹால் உண்டாகிறது. அப்படியானால் ஈஸ்ட்டால் தின்னமுடியாத சர்க்கரையாகப் பார்த்துப் போட்டால் இனிப்பும் கனமும் இருக்கும், போதை இருக்காது. பாலில் இருக்கிற சர்க்கரை அந்த ரகம். தானியத்தை வழக்கத்தைவிடச் சூடான நீரில் ஊறவைத்தாலும் அதே பலன் கொஞ்சம் கிடைக்கும். கறுக்க வறுத்த பார்லி கொஞ்சம், வாய்க்கு வழவழப்பாக இருக்க ஓட்ஸ் ஒரு பிடி. பால் சர்க்கரை மருந்துக்கடையில்தான் கிடைக்கும். புட்டிப்பால் குடிக்கிற குழந்தைகளுக்காக விற்பது. அப்பா போய்க் கேட்டபோது, குழந்தைக்கு எத்தனை மாதம் என்று கடைக்காரர் கேட்டாராம். இருபத்திரண்டு வருடம் என்று சொல்லிவிட்டு வாங்கி வந்தார்.

வாளியில் நுரை அடங்கியதும் அண்ணி அளந்தாள். மறுபடி அளந்தாள். ஒன்றுக்கும் கீழே இருந்தது.

பாட்டிலில் அடைத்து, காத்திருந்து, ஒரு சாயங்காலம் ஜூடித்துக்குப் பால் கொடுத்து முடித்ததும் அப்பா அரை கிளாஸ் ஊற்றிக் கொடுத்தார். மைபோல இருந்தது, மேலே காப்பி நிறத்தில் நுரை. அண்ணி மருந்து குடிப்பவள் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் விழுங்கினாள். கண்ணைத் திறந்து இன்னொரு வாய் குடித்தாள். அப்பா அவள் முகத்தைப் பார்க்காமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காப்பி மாதிரி இருக்கு," என்றாள். "குடிச்சு முடிச்சப்புறம் நாக்குல பால் நிக்குது. மாமா, இது நல்லாயிருக்கு."

அப்பா அடுப்பில் நிலக்கரி போடப் போய்விட்டார். அடுப்பில் நிலக்கரி தேவைக்கு மேலேயே இருந்தது.

அதற்குப் பிறகு அது வழக்கமாயிற்று. பால் கொடுத்து முடித்ததும் அப்பா குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார். அண்ணி கிளாஸை வைத்துக்கொண்டு கால் நீட்டி உட்காருவாள். கூடவே ரொட்டியும் சீஸும் தின்பாள், தின்பதையே கவனிக்காமல். பிறகு உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவாள். ஜூடித் எடை ஏறினாள். அப்பா பாட்டிலைத் தூக்கி நர்ஸிடம் காட்டினார். பாட்டிலுக்கு நன்றி சொல்லாதே, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறாயே, அந்தத் தோளுக்குச் சொல் என்றார் நர்ஸ். அப்பாவுக்கு அது பாதிதான் காதில் விழுந்தது.

ஜனவரி முடிகிற நேரம். கப்பல் திரும்பி வரவேண்டிய வாரம். புதன்கிழமை முற்பகலில், மீனவர் வீடுகளுக்குக் கெட்ட செய்தி கொண்டுவருகிற மிஷன்காரர் எங்கள் தெருவுக்குள் நுழைந்தார். மீனவர் மிஷன்காரர் கறுப்புக் கோட்டோடு தெருவில் நடந்தால் ஒவ்வொரு வீட்டிலும் ஜன்னல் திரை ஆடும். யார் வீட்டுக் கதவு என்று பார்ப்பார்கள். அவர் முதலில் ஈனா வீட்டுக்குப் போனார். பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தார். ஐஸ்லாந்துக்கு வடக்கே பனிப்புயல், டெர்ரியின் கப்பலிலிருந்து ரேடியோவில் பதில் இல்லை, அங்கே இருக்கிற மற்றக் கப்பல்கள் தேடுகின்றன, மூழ்கியதாக யாரும் சொல்லவில்லை என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் எத்தனை வீட்டில் சொல்லியிருப்பார் என்று எங்களுக்குத் தெரியும்.

பனிப்புயலில் என்ன நடக்கும் என்பதும் எங்களுக்குத் தெரியும். அலை தெறித்த இடமெல்லாம் பனிக்கட்டியாக உறையும். கோடரியால் வெட்டி வெட்டிக் கடலில் தள்ளவேண்டும். வெட்டுகிற கை ஓய்ந்தால் மேல்பாரம் தாங்காமல் கப்பல் கவிழும். அப்பா அதில் நின்று வெட்டியவர். அவர் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார்.

அன்று மாலையிலிருந்து அண்ணிக்குப் பால் நின்றுபோனது. ஜூடித் சப்பிச் சப்பிப் பார்த்து வீறிட்டாள். நர்ஸ் வந்து புட்டிப்பால் பழக்கிக் காட்டினார்; இது பயத்தால் வந்தது, திரும்பி வரலாம், வராவிட்டாலும் பிள்ளை பிழைக்கும் என்றார். அண்ணி அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அப்பா போட்ட ஸ்டவுட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த நாளும் அப்படியே. அழுக்குத் துணிகள் வாளியில் நிறைந்து வழிந்தன. நான் எடுக்கப் போனபோது, தொடாதே என்றாள்.

மத்தியானம் அப்பா கேட்டிலிருந்து வந்தார். புதுச் செய்தி இல்லை. அவர் கோட்டைக் கழற்றுவதற்குள் அண்ணி பேசினாள்.

"நான்தான் துவைச்சேன் மாமா. நீங்க எடுத்து வச்சீங்க. நான் திரும்பவும் போய்ப் போட்டேன்."

அப்பா ஒரு கை கோட்டுக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக நின்றார். தெருவே நம்புகிற விஷயம். அவரும் நம்பியவர், அம்மா காலத்தில் அவர் கிளம்புகிற நாளில் பாத்திரம் தேய்த்த துணியைக்கூட அம்மா பிழியமாட்டார்.

"இங்க பாரு லோயிஸ்," என்றார். இடது கையை அவள் முன்னால் நீட்டினார். "இந்த விரலு போன அந்தத் தடவை நான் கெளம்பறதுக்கு முன்னாடி வீட்ல ஒரு கைக்குட்டைகூட நனையல. டெர்ரியோட அம்மா அவ்வளவு பத்திரமா இருந்தா. இருந்தும் போச்சுல்ல விரலு? கம்பிக்கு யார் வீட்ல துணி துவைச்சாங்கன்னு தெரியுமா?"

அண்ணி அந்தக் கையையே பார்த்தாள்.

அப்பா கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு அழுக்கு வாளியைத் தூக்கிக்கொண்டு சலவை அறைக்குப் போனார். கொப்பரையைத் தேய்த்துக் கழுவி, தண்ணீர் ஊற்றி, தீ மூட்டி, பீரைத் தவிர வேறெதையும் உள்ளே விடாத அந்தக் கொப்பரையில் ஜூடித்தின் துணிகளையெல்லாம் போட்டு, பீர் கிளறுகிற துடுப்பாலேயே கிளறினார். பிழிந்து கூடையில் எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போகாமல் முன்வாசல் வழியாகத் தெருவுக்கு வந்தார். இரண்டு வரிசை வீடுகளுக்கும் நடுவே குறுக்காகக் கட்டிய பொதுக்கொடியில், ஊரெல்லாம் பார்க்க, எட்டு விரலால் ஒவ்வொன்றாகக் கிளிப் மாட்டினார். கப்பலிலிருந்து செய்தி இல்லாத நாளில் எங்கள் தெருவில் யாரும் கொடியைத் தொட்டதில்லை.

ஜன்னல் திரைகள் ஆடின. யாரும் வெளியே வரவில்லை. பிறகு ஈனா வீட்டுக் கதவு திறந்தது. சண்டைக்கு வருகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் கையில் ஈரமான ஆண் சட்டை ஒன்று இருந்தது, அவர் கணவருடையது. அப்பாவிடமிருந்து இரண்டு கிளிப்பை வாங்கி, குழந்தைத் துணிகளுக்குப் பக்கத்தில் அந்தச் சட்டையை மாட்டினார். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அண்ணி உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அந்த இரண்டு நாளில் அவள் அழுதது அதுதான் முதல் தடவை.

அப்பா ஒரு பாட்டிலைத் திறந்து, சின்னப் பாத்திரத்தில் ஊற்றி லேசாகச் சூடாக்கி, கிளாஸை அவள் இரண்டு கைக்கும் நடுவில் வைத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். குடிக்கச் சொல்லவில்லை. அண்ணி கொஞ்ச நேரம் கையைச் சூடேற்றிக்கொண்டாள். பிறகு குடித்தாள். நான் வெண்ணெய் தடவிய ரொட்டியைக் கொடுத்தேன், அதையும் தின்றாள். அப்படியே தலை சாய்ந்து தூங்கிப்போனாள். வெளிச்சம் மங்குகிற வரை தூங்கினாள். ஜூடித் அழ ஆரம்பித்தபோது, புட்டியைத் தேடி நான் எழுந்தேன். அண்ணி அரைத்தூக்கத்தில் கை நீட்டிக் குழந்தையை வாங்கி மார்பில் போட்டுக்கொண்டாள். சப்பும் சத்தம் கேட்டது. பிறகு விழுங்கும் சத்தம் கேட்டது. அப்பாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தோம்.

நர்ஸ் ஸ்டேதர்ஸ் மறுநாள் வந்து பார்த்துவிட்டு, தூக்கமும் அழுகையும் செய்த வேலை என்றார். ஈனா, ஸ்டவுட் செய்த வேலை என்றார். அப்பா முதல்முறையாக எந்தப் பக்கமும் பேசவில்லை.

சனிக்கிழமை செய்தி வந்தது. பனி கனத்து ரேடியோக் கம்பி அறுந்துபோய், கப்பல் ஒரு மலைக்குடாவுக்குள் ஒதுங்கி நின்றிருக்கிறது. தேடிப்போன இன்னொரு கப்பல் கண்டுபிடித்துவிட்டது. ஒருவருக்குக் கை உடைந்திருக்கிறது. மற்ற எல்லாரும் பத்திரம். மிஷன்காரர் இந்தத் தடவை ஓடிவந்து சொன்னார். ஈனா அவரைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தம் கொடுத்ததில் அவர் தொப்பி விழுந்துவிட்டது.

டெர்ரி தாடியும் புண்பட்ட உதடுமாக வந்து சேர்ந்தான். மகளைக் கையில் வாங்கியவன், அவள் கனத்தைப் பார்த்து, இது நான் விட்டுப்போன பிள்ளைதானா என்றான். சாப்பிட்ட பிறகு கொல்லைக் குளிரில் வைத்திருந்த பாட்டில்களைக் கண்டுபிடித்து உட்கார்ந்துவிட்டான். ஒன்று, இரண்டு, மூன்று என்று காலியாயின.

"என்னப்பா இது? எவ்வளவு குடிச்சாலும் ஒண்ணுமே ஆகல," என்றான். "கை மறந்துபோச்சா உங்களுக்கு?"

"அது உனக்குப் போட்டதில்லடா," என்றார் அப்பா.

"அப்ப யாருக்கு?"

"எனக்கு," என்றாள் அண்ணி. "மிச்சத்தை வைங்க. ரெண்டு நாளைக்குத்தான் இருக்கு."

அவன் ஒரு கையில் பாட்டிலோடு பெண்டாட்டியையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தான். நாங்கள் யாரும் அவனுக்கு எதுவும் விளக்கவில்லை. என்னாலும் ஒரே மூச்சில் சொல்லியிருக்க முடியாது.

டெர்ரி இரண்டு நாள் கழித்து மறுபடியும் கடலுக்குப் போனான். அதற்கப்புறம் வருடக்கணக்கில் போய் வந்துகொண்டிருந்தான். வசந்தத்தில் அவன் கரையில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணியின் ஊர்ச் சபையில் ஜூடித்துக்கு ஞானஸ்நானம் நடந்தது. அப்பா என் கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்திருந்த சூட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். வழியில் இரண்டு மதுக்கடை இருந்தது. இரண்டையும் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். அண்ணி அவரை முதல் வரிசையில் தன் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள். ஜூடித் தலையில் தண்ணீர் பட்டதும் அழுதாள்; அப்பா கை நீட்ட, அண்ணி குழந்தையை அவர் தோளில் சாய்த்தாள். அழுகை நின்றது.

பிரசங்கம் நீளமானது. பாதியில் திரும்பிப் பார்த்தேன். அப்பா தூங்கிவிட்டிருந்தார். குழந்தையும் தூங்கிக்கொண்டிருந்தது. போதகர் எங்கள் பக்கம் பார்த்துக் குரலை உயர்த்தினார். நான் அப்பாவை இடிக்க முழங்கையைத் தூக்கினேன். லோயிஸ் அண்ணி தலையை அசைத்து வேண்டாம் என்றாள். அப்பா மடியிலிருந்து சரிந்துகொண்டிருந்த பாட்டுப் புத்தகத்தை மெல்ல எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.